எங்கள் வீட்டைச் சுற்றி 200 அடி

அம்மா இனி எங்களோடுதான் என்று முடிவானதும் முதலில் யோசிக்க வேண்டியிருந்தது மாடிப்படியைப் பற்றி. நியூ ஜெர்ஸியில் எடிசன் டவுன்ஷிப்பில் இருக்கிறோம். வீடு 1950களில் கட்டிய சின்ன கொலோனியல் பாணி மாடிவீடு. படுக்கையறை எல்லாம் மேலே, குளிக்கும் இடமும் மேலே. முழங்கால் தேய்ந்துபோன ஒருவரை நாளுக்கு நாலு தடவை அந்தப் படியில் ஏற்றி இறக்க முடியாது. கீழ்த்தளத்தில் பின்பக்கமாக ஓர் அறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் கட்டலாம் என்று ஆர்க்கிடெக்டிடம் வரைபடம் வாங்கி ஸோனிங் (நிலப் பயன்பாட்டு விதி) பெர்மிட்டுக்குக் கொடுத்தோம். மறுத்துக் கடிதம் வந்தது. மனையின் அகலம் போதாது, பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியும் போதாது, வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு, வேண்டுமானால் ஸோனிங் போர்டுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் பார்க்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த மறுப்புக் கடிதம்தான் விண்ணப்பத்துக்கே முதல் தாள். என்னென்ன விதிகளில் விலக்கு கேட்க வேண்டும் என்பதை டவுன்ஷிப்பே அதில் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

கேட்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே, "அம்மாவுக்கு முடியவில்லை என்று டாக்டர் சர்டிஃபிகேட்டோடு போ, மனம் இரங்குவார்கள்" என்றார்கள். நியூ ஜெர்ஸியின் உள்ளாட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டம் 1975ல் இயற்றப்பட்டது. அதை உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, அங்கே கேட்கப்படும் கஷ்டம் நம்முடையது அல்ல, நிலத்தினுடையது. மனை வழக்கத்துக்கு மாறாகக் குறுகலாக இருக்கிறதா, ஆழம் குறைவா, வடிவம் கோணலா, மேடு பள்ளமா? அதனால் விதியை அப்படியே கடைப்பிடித்தால் உரிமையாளருக்கு நியாயமற்ற சிரமம் வருகிறதா? இதுதான் கேள்வி. அம்மாவின் முழங்கால் அந்தக் கணக்கில் வராது. கொடுக்கிற விலக்கு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். நாளைக்கு நாங்கள் விற்றாலும் வாங்குபவருக்கும் அது உண்டு. அப்படியிருக்க இன்றைக்கு யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பது சரியாகாது என்று எனக்கும் பட்டது. இதோடு இன்னொன்றும் காட்ட வேண்டும்: விலக்கு கொடுப்பதால் பொதுநலனுக்கோ ஊரின் ஸோனிங் திட்டத்துக்கோ பெரிய பாதிப்பு வராது என்று.

எங்கள் மனை 50 அடி அகலம். எங்கள் மண்டலத்துக்கு இன்று விதிக்கப்பட்ட அகலம் அதைவிட அதிகம். இன்றைய விதிகள் வருவதற்கு முன்பே பிரிக்கப்பட்ட மனை என்பதுதான் காரணம். இந்த ஊரின் சரித்திரமே அந்த 50 அடியில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். 1870ல் ராரிட்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் உருவான விவசாய பூமி இது. 1876ல் தாமஸ் எடிசன் இங்குள்ள மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் போட்டார். 1877ல் ஃபோனோகிராஃப், 1879ல் மின்விளக்கு. கிறிஸ்டி தெருவில் அந்த இடத்தில் உச்சியில் பெரிய பல்போடு 1938ல் திறந்துவைத்த நினைவுக் கோபுரம் நிற்கிறது. ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை எல்லாம் அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் ஊரை ஊராக்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிற்சாலைகளும் அவற்றில் வேலைக்கு வந்தவர்களும்தான். 1948ல் ஃபோர்டு இங்கே கார் தொழிற்சாலை திறந்தது. 1954ல் வாக்கெடுப்பு நடத்தி ஊருக்கு எடிசன் என்று பெயரை மாற்றினார்கள். வயல்கள் மனைகளாயின. நடுவில் ஒரு கடைவீதி, அதைச் சுற்றி வீடுகள் என்று இந்த ஊர் வளரவில்லை. கிளாரா பார்ட்டன், ஸ்டெல்டன், பான்ஹம்டவுன், நிக்ஸன், ஓக் ட்ரீ என்று தனித்தனிப் பேட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரு டவுன்ஷிப் ஆயிற்று. ஒவ்வொரு பேட்டையிலும் மனையின் அளவு ஒரு விதம்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் உள்ள சர்வேயரின் சர்வே, ஆர்க்கிடெக்டின் வரைபடங்கள், சொத்துவரி பாக்கி இல்லை என்பதற்கான சான்று, விண்ணப்பக் கட்டணம், அதோடு எஸ்க்ரோ பணம். கட்டணம் திரும்பி வராது. எஸ்க்ரோ என்பது போர்டின் வக்கீலும் இன்ஜினீயரும் நம் தாள்களைப் பார்ப்பதற்கான கூலி, மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார்கள். எல்லாம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தனிநபர் தன் வீட்டுக்காகத் தானே பேசலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி பெயரில் சொத்து இருந்தால் வக்கீல் வேண்டும். நாங்கள் வக்கீல் வைக்கவில்லை. ஆர்க்கிடெக்டை மட்டும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டோம். அந்தப் பணம் வீண் இல்லை.

அடுத்தது 200 அடி. மனையின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, நேரிலோ சர்ட்டிஃபைட் தபாலிலோ அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியிட வேண்டும். பெயர்ப் பட்டியலை நாமே தயாரிக்கக் கூடாது என்றில்லை, ஆனால் டவுன்ஷிப்பிடம் சான்றளித்த பட்டியல் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. எழுதிக் கேட்டால் ஏழு நாளில் தர வேண்டும். கட்டணம் பெயருக்கு 25 சென்ட் அல்லது மொத்தம் 10 டாலர், எது அதிகமோ அது. அறிவிப்பில் தேதி, நேரம், இடம், நாம் என்ன கேட்கிறோம், தெரு முகவரி, பிளாக் எண், லாட் எண், வரைபடங்களை எங்கே எப்போது பார்க்கலாம் என்று எல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் விசாரிக்கும் அதிகாரமே போர்டுக்கு இல்லாமல் போய்விடும், அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒரு வேலை. வீடு மெட்டச்சன் எல்லையை ஒட்டி இருக்கிறது. மெட்டச்சன் 1900ல் இந்த டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்து தனி பரோவாக (சின்ன நகராட்சியாக) ஆனது. நாலு பக்கமும் எடிசன் சூழ்ந்திருக்க நடுவில் தனியாக நிற்கிறது. அதற்கென்று தனி மேயர், தனிப் பள்ளிகள், தனி வரி. நியூ ஜெர்ஸியில் இப்படி 564 உள்ளாட்சிகள். எல்லைக்கு அந்தப்புறம் 200 அடிக்குள் வரும் வீடுகளின் பட்டியலை மெட்டச்சனிடம் தனியாக வாங்க வேண்டும், அந்த ஊர் கிளார்க்குக்கும் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எடிசன் ஓரத்தில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

பட்டியல் கையில் வந்ததும் நானும் கணவரும் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தோம். நாற்பதுக்கு மேல் இருந்தது. படேல்கள், ஷாக்கள், ஒரு ரெட்டி, இரண்டு சீனப் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள், போலிஷ் பெயர்கள், ஹங்கேரியப் பெயர் ஒன்று. 2020 கணக்கெடுப்பில் எடிசனின் மக்கள்தொகை 1,07,588. அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசிய வம்சாவளியினர். எண்ணாகக் கேட்டிருக்கிறேன், எங்கள் தெருவின் பெயர்களாக அன்றுதான் பார்த்தேன். சட்டப்படி உரிமையாளருக்கு மட்டும்தான் அறிவிப்பு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை. எங்களுக்கு எதிரே நாலு வருஷமாக வாடகைக்கு இருக்கும் தெலுங்குக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களிடமும் போய்ச் சொன்னேன்.

எல்லாருக்கும் சர்ட்டிஃபைட் தபால் அனுப்பி ரசீதுகளைக் கோர்த்து வைத்துக்கொண்டோம். ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பச்சை ரசீது அட்டையோடு சட்ட மொழியில் ஒரு கடிதம் திடீரென்று வந்தால் யாருக்கும் கலக்கமாக இருக்கும். அதனால் தபால் போய்ச் சேர்வதற்கு முன்பே வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு நேரில் போனோம். வலப்பக்கத்து வீட்டுக்காரர் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004ல் அது மூடியபோது கடைசி நாட்கள் வரை இருந்தாராம். அவர் சமையலறையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார். முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி: "உங்கள் புதுக் கூரையின் மழைநீர் எந்தப் பக்கம் விழும்?" அவருடைய பேஸ்மென்டில் ஏற்கெனவே ஈரம் கசிகிறது. கூட்டிப்போய்ச் சுவரில் உப்புப் பூத்த இடத்தைக் காட்டினார். அந்த ஒரு கேள்விக்காகவே ஆர்க்கிடெக்டிடம் சொல்லி, அந்தப் பக்கத்துக் கூரைத் தண்ணீரை நிலத்தடிக் குழிக்குக் கொண்டுபோகும்படி வரைபடத்தை மாற்றினோம்.

பின்வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டி வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "அம்மாவுக்காகவா பேட்டா, கட்டு" என்று சாய் போட்டுக் கொடுத்தார். ஹங்கேரியப் பெயருக்குரிய மூதாட்டி, தன் பெற்றோர் 1956ல் ஊரைவிட்டு ஓடிவந்தபோது முதலில் தங்கியது கேம்ப் கில்மரில் என்றார். பிஸ்காட்டவேயிலும் எடிசனிலுமாகப் பரந்திருந்த அந்த ராணுவ முகாம் வழியாக 30,000க்கும் மேற்பட்ட ஹங்கேரிய அகதிகள் அமெரிக்காவுக்குள் வந்தார்கள். இத்தனை வருஷம் அவரோடு கையசைத்துச் சிரித்தது மட்டும்தான். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

ஒருவர் மட்டும் வெளிப்படையாக மறுப்புச் சொன்னார். "இன்றைக்கு அம்மா என்பீர்கள், நாளைக்கு வாடகைக்கு விடுவீர்கள். இந்தத் தெருவில் ஏற்கெனவே நிறுத்த இடமில்லாமல் கார்கள்." கோபம் வந்தது, ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அனுமதி இல்லாமல் இரண்டு மூன்று குடும்பமாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளைப் பற்றி ஊரில் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தனிச் சமையலறை இல்லை, தனி வாசல் இல்லை என்று வரைபடத்தில் காட்டினேன். "கூட்டத்துக்கு வந்து கேட்கிறேன்" என்றார். வாருங்கள் என்றேன்.

இன்னொரு விஷயம், ஆதரவுக் கடிதங்களிலும் கையெழுத்து இயக்கத்திலும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கடிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் போர்டு அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. ஆதரவோ எதிர்ப்போ ஆளாக வந்து நின்று சத்தியம் செய்து சொன்னால்தான் பதிவாகும். போர்டு உறுப்பினர் யாராவது தெரிந்தவராக இருந்தாலும் வெளியே அவரிடம் இதைப் பற்றிப் பேசக்கூடாது.

விசாரணை மாலையில், முனிசிபல் கட்டடத்தில். போர்டு என்பது ஊர்க்காரர்களே ஏழு பேர், கூடவே மாற்று உறுப்பினர்கள். கொடி வணக்கம், திறந்த கூட்டச் சட்டப்படி அறிவிப்பு, வருகைப் பதிவு முடிந்து எங்கள் முறை வந்தது. வலது கையைத் தூக்கிச் சத்தியம். சர்வே ஏ-1, வரைபடம் ஏ-2, தெருவின் புகைப்படங்கள் ஏ-3 என்று குறித்துக்கொண்டார்கள். நான் நிலத்தைப் பற்றி மட்டும் பேசினேன். அகலம் இவ்வளவு, பக்கத்து மனைகள் கட்டி முடிந்தவை, வாங்கிச் சேர்க்க ஓர் அடிகூடக் கிடைக்காது, புதுச்சுவர் பழைய சுவரின் அதே கோட்டில்தான் பின்னால் போகிறது, எல்லையை இன்னும் நெருங்கவில்லை. "ஏன் இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டக் கூடாது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இது வரும் என்று தெரியும். சக்கர நாற்காலி திரும்ப வேண்டிய இடம் குளியலறையில் போய்விடும், கூரையும் சுவரும் பழைய அமைப்போடு சேராது என்று ஆர்க்கிடெக்ட் அளவோடு விளக்கினார்.

அடுத்த கேள்வி நேரடியாக வந்தது: "இது மதர்-டாட்டர் வீடாகப் போகிறதா?" இந்தப் பக்கத்து ரியல் எஸ்டேட்காரர்கள் தனிச் சமையலறையோடு பெற்றோருக்கென ஒதுக்கிய பகுதி உள்ள வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். இல்லை, ஒரே சமையலறை, ஒரே வாசல், எழுதிக் கொடுக்கவும் தயார் என்றேன். பொதுமக்கள் நேரத்தில் மறுப்புச் சொன்னவர் எழுந்து கார்களைப் பற்றிக் கேட்டார். அவரைத் தொடர்ந்து ஃபோர்டுக்காரர் எழுந்து, தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லைக் கோட்டின் மறுபக்கம் இருப்பவர் அவர்தான். அந்த இரண்டு வாக்கியம் எங்கள் எல்லா வரைபடத்தையும்விடப் பேசியது.

எங்களுடையது அகலம், இடைவெளி போன்ற அளவுகளில் விலக்கு கேட்கும் சி வகை வேரியன்ஸ், பெரும்பான்மை ஓட்டு போதும். பயன்பாட்டையே மாற்றும் டி வகை என்றால் ஐந்து ஓட்டு வேண்டும். இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது: மழைநீர்க் குழி கட்டாயம், இது ஒரு குடும்ப வீடாகவே இருக்கும் என்று பத்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுப்புச் சொன்னவரின் கவலைக்கும் அந்த இரண்டாவது நிபந்தனையில் பதில் இருந்தது என்பதில் எனக்குத் திருப்தி.

அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட முடியாது. தீர்மானம் எழுத்தில் வர 45 நாள் வரை ஆகலாம். அது வெளியான பின் யாரும் நீதிமன்றம் போக இன்னொரு 45 நாள் அவகாசம். அதற்குள் கட்டினால் பொறுப்பு நம்முடையது. நாங்கள் காத்திருந்தோம். பிறகு கட்டட பெர்மிட், பிளம்பிங், எலக்ட்ரிகல் என்று தனித்தனியாக. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அஸ்திவாரப் பள்ளத்தையும், சுவரை மூடுவதற்கு முன் வயர், குழாய்களையும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினாலும் இன்ஸ்பெக்ஷன் முடியாமல் எதையும் மூட விடாதீர்கள்.

அம்மா இப்போது கீழேயே இருக்கிறார். குடியேறும் சான்றிதழ் வாங்கிய கையோடு சேர்ப்பு மதிப்பீட்டு வரி என்று ஒன்று வரும், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். புது அறையால் கூடிய மதிப்புக்கான வரி அது. பில் அக்டோபர் வாக்கில் வரும், நவம்பர் 1க்குள் கட்ட வேண்டும். எங்கள் சொத்துவரியில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது, மீதி டவுன்ஷிப்புக்கும் மிடில்செக்ஸ் கவுண்டிக்கும். முதல் பில்லைப் பார்த்துக் கணவர் கொஞ்சம் திடுக்கிட்டார். கட்டிவிட்டோம்.