அர்க்காவதியோடு நடந்த மேப் சார்

மேப் சார் காலமாகிவிட்டார் என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே லண்டனில் விடிந்திருக்கவில்லை. நம் முன்னாள் மாணவர் சங்க மலருக்கு என்ன எழுதுவது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்கு இங்கே பெயர் தேவையில்லை. பெங்களூர் அல்சூரில் நம் பள்ளியில் படித்த யாருக்கும் மேப் சார் என்றால் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைப் பற்றியும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருட்டு விலகும் முன் பள்ளி கேட், வாழை இலையில் கட்டிய புளியோதரை, கோடு போடாத நோட்டு, அப்பாவின் கையெழுத்துச் சீட்டு. நம் பேட்சுக்கு அவர் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். அர்க்காவதி ஆற்றை, அது பிறக்கும் நந்தி மலையிலிருந்து காவிரியில் சேரும் சங்கமம் வரை, துண்டு துண்டாக நாங்கள் நடந்து முடிக்க வேண்டும். வழியில் ஹெசரகட்டா ஏரி, திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், சாவனதுர்கா, கனகபுரம்.

நந்தி மலைக்கு எல்லாரும் பனி பார்க்கப் போவார்கள். சார் எங்களைக் கோட்டைச் சுவரின் அடியில் நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னார். 1,478 மீட்டர் உயரம், சுற்றிலும் செங்குத்துப் பாறை, சரிவெல்லாம் காடு. "இந்த மலைக்குப் பீரங்கியை எப்படிடா ஏத்தியிருப்பான்?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் தேடும்வரை பேசாமல் நின்றார். அப்புறம்தான் 1791-ன் கதை. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர். பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. அதைக் காத்து நின்ற கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கான் அங்கேயே விழுந்தார். ஆனால் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன அதே படை தீவனமில்லாமல், வண்டி மாடுகள் செத்துவிழ, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த முறை போவதற்கு முன் வழியிலும் பக்கத்திலும் இருக்கும் மலைக்கோட்டைகளைப் பிடித்து, தானியம் வரும் பாதையைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. அப்படித்தான் அக்டோபர் 19 அன்று நந்தி விழுந்தது. போரை வென்றதும் தோற்றதும் புல்லும் தண்ணீரும்தான் என்பது சாரின் பாடம். கோட்டையைப் பார்க்கும் முன் அதைச் சுற்றியுள்ள காட்டைப் பார் என்பார்.

அன்று மலையிறங்கும்போது அவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. "சரி, நாம எப்படி இங்க வந்தோம்?" பலருக்கும் தாத்தா பெயரோடு விஷயம் முடிந்துவிட்டது. சார் சொன்னார்: அந்தப் படையில் மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களில் தமிழ் பேசியவர்களும் உண்டு. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தண்டு, அதாவது ஆங்கிலேயரின் ராணுவ முகாம், பெங்களூருக்கு மாறியபோது சிப்பாய், சமையல்காரர், வண்ணார், கொத்தனார், வணிகர் என்று அதன் பின்னாலேயே வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் பாதி. "இதுல பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். தெரிஞ்சு வெச்சுக்கணும்." அடுத்த ஞாயிறே பேகூருக்கும் மடிவாளாவுக்கும் அழைத்துப் போனார். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் பெங்களூரு என்ற பெயரையே சொல்லும் 9-ம் நூற்றாண்டுக் கன்னட வீரக்கல், பெங்களூருவில் நடந்த ஒரு சண்டையில் இறந்த ஒருவனுக்காக நட்டது. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் 1247-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி. இரண்டையும் ஒரே நாளில் காட்டியதற்கு அவர் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது இவ்வளவு நாள் என்னோடு வந்திருக்காது.

ஹெசரகட்டாதான் எனக்குப் பிடித்த இடம். 1894-ல் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய திட்டம் இந்த ஏரியை நம்பித்தான். ஏரியை ஒட்டிப் பரந்த புல்வெளி. அதைத் தரிசு என்று யாராவது சொன்னால் சாருக்குக் கோபம் வரும். குளிர்காலத்தில் அங்கே பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும். ஒரு பருந்தைக் காட்ட எங்களை ஈரப் புல்லில் குப்புறப் படுக்க வைத்தார். பின்பு கரையில் உட்கார்ந்து மேப்பை விரித்தார். "இந்த ஏரி நிரம்பி வழிஞ்சா எங்கடா போகும்?" விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனோம். திப்பகொண்டனஹள்ளி, சாவனதுர்காவின் பக்கம், கனகபுரம், சங்கமம். அங்கிருந்து காவிரி. விரல் மேட்டூரில் போய் நின்றது.

அது 1991. அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை வந்திருந்தது. தெருவில் பேச்சு மாறியிருந்ததைப் பிள்ளைகளான நாங்களும் கவனித்திருந்தோம். சார் ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டூரில் இருந்த விரலை எடுக்கச் சொல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார், அவ்வளவுதான்.

அடுத்தது சாவனதுர்கா. கோட்டை விழுந்தது 1791 டிசம்பர் 21. இருநூறு ஆண்டு நிறையும் அதே நாளில் நாங்கள் அங்கே நிற்க வேண்டும் என்று சார் முன்பே குறித்து வைத்திருந்தார். கறி குட்டா, பிளி குட்டா என்று கறுப்பும் வெளுப்புமாக இரண்டு சிகரங்கள், நடுவே பிளவு. பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் வம்சத்தார் கையில் இருந்து 1728-ல் மைசூருக்குப் போன மலை. கோட்டையின் முதல் மதில் அதைச் சுற்றியிருந்த அடர்ந்த மூங்கில் காடுதான். அந்தக் காட்டின் காய்ச்சலே பாதிப் படையைத் தின்றுவிடும் என்று திப்பு நம்பியதாகச் சொல்வார்கள். மூங்கிலை வெட்டிப் பாதை போட்டுத்தான் பீரங்கிகள் உள்ளே போயின. அந்தப் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை உண்டு, தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதது. அதையும் பார்த்துவிட வேண்டும் என்று சாருக்கு ஆசை. பஸ்ஸுக்கு ஆளுக்கு 15 ரூபாய் கட்டியாயிற்று.

டிசம்பர் 12 அன்று, காவிரிக் கலவரத்தில், பெங்களூர்த் தமிழர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நம் பேட்சுக்குத் தெரியும். தெரியாத இளையவர்களுக்கு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரடங்கு தளர்ந்த ஒரு மத்தியானம் சார் சைக்கிளில் எங்கள் சந்துக்கு வந்தார். ஒவ்வொரு வீடாகப் போய், பையன் பெயர் எழுதிய கவரில் 15 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தக் கவர்களை அவர் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்பா, "எதுக்கு சார் இந்த நேரத்துல அலையறீங்க" என்றார். "நாங்க கிளம்பலாம்னு இருக்கோம்" என்றும் சொன்னார். "பையன் பரீட்சை முடிச்சிட்டுப் போகட்டும்ங்க" என்றார் சார். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

பரீட்சை முடிந்ததும் வேலூர் போனோம். பின்பு சென்னை, பின்பு இங்கே. சார் பெங்களூரிலேயே இருந்தார். பின்னால் வந்த பேட்சுகளைச் சாவனதுர்காவுக்கு அழைத்துப் போனார், சங்கமம் வரை நடந்து முடித்த பிள்ளைகளும் உண்டு என்று சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் மட்டுமல்ல. எங்கள் மேப்பில் கோடு திப்பகொண்டனஹள்ளியிலேயே நின்றுவிட்டது. அப்பா எடுத்த முடிவு தவறு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்தாலும், கிளம்பாத குடும்பங்களும் அதே சந்துகளில் வாழ்ந்து, அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, அந்த ஊரைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பிற்பாடு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு விடுமுறையில் மகளோடு சாவனதுர்கா ஏறினேன். சாரால் அப்போது மாடிப்படியே ஏற முடியாது. கீழே நரசிம்மர் கோயில் பக்கம் வண்டிகளும் பிளாஸ்டிக்கும் நிறைய. மேலே பாறை அப்படியே இருந்தது. சின்னானைப் பார்க்கவில்லை, குரலாவது கேட்டதா என்று சார் போனில் விசாரித்தார். திப்பகொண்டனஹள்ளியைப் பற்றியும் கேட்டார். 1933-ல் கட்டிய நீர்த்தேக்கம், அதற்குத் தண்ணீர் வரும் பகுதியெல்லாம் தைல மரமும் ஆழ்துளைக் கிணறும் கட்டடமுமாகி, வரத்துக் குறைந்து கிடந்த நிலையைச் சொன்னேன். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் 2024-ல் ஹெசரகட்டா புல்வெளியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்த செய்தியை அவர் எனக்குச் சொன்னபோது, வகுப்பறைக் குரல் திரும்பியிருந்தது. "தரிசு இல்லடா அது, இப்பவாவது ஒத்துக்கிட்டாங்க" என்றார். அதுதான் நாங்கள் நீளமாகப் பேசிய கடைசிப் பேச்சு.

சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். இரங்கல் கூட்டமும் படத்திறப்பும் நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ஒவ்வொரு டிசம்பரிலும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்வோம். முதல் ஆண்டு நந்தி, அடுத்து ஹெசரகட்டா, அப்படியே சங்கமம் வரை. பஸ் வாடகை, சாப்பாடு, பைனாகுலர் செலவை இங்குள்ள நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம், என் பங்கை இந்தக் கட்டுரையோடு பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். சாரின் மேப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பதாக அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். பணம் அனுப்புவது எங்களால் முடிந்தது. பிள்ளைகளோடு கூட நடப்பதற்கு ஊரிலேயே இருக்கும் நம் தோழர்கள்தான் வர வேண்டும். பிப்ரவரிக்குள் பெயர் கொடுங்கள்.