பிராங்ஸில் ஒரு தெருப் பலகை

நியூயார்க்கில் நான்கு நாள். எல்லோரும் போகிற இடங்களுக்கே மூன்று நாள் போய்க் கால் ஓய்ந்துவிட்டது. நான்காம் நாள் காலை டி ரயிலில் ஏறி, நகரத்தின் வடக்குப் பகுதியான பிராங்ஸுக்குக் கிளம்பினேன். "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றார் நான் தங்கியிருந்த வீட்டு நண்பர். ஒரு தெருப் பலகை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கிங்ஸ்பிரிட்ஜ் ரோடு ஸ்டேஷனில் படியேறி வந்தால் பக்கத்திலேயே போ பார்க். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846 முதல் 1849 வரை குடியிருந்த சின்ன வெள்ளை மரவீடு உள்ளே இருக்கிறது. 1913-இல் அதைப் பழைய இடத்திலிருந்து அப்படியே நகர்த்திக்கொண்டு வந்து இங்கே வைத்தார்களாம். நான் போனபோது பூட்டு. எந்தெந்தக் கிழமையில் திறப்பார்கள் என்று பார்க்காமல் போனது என் தப்பு. சரி, நான் வந்தது வீட்டுக்காக இல்லை, பெஞ்சுகளுக்காக.

இந்தப் பூங்கா பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் பில் ஃபிங்கரும் பாப் கேனும் பேட்மேன் காமிக்ஸ் கதைகளைப் பேசிப் பேசி வளர்த்தார்கள். ஃபிங்கர் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர், கேன் ஓவியர். சூப்பர்மேன் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கேன் ஒரு புது ஹீரோவை வரைந்து காட்டினார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் குட்டி முகமூடி, முதுகில் விறைப்பாக இரண்டு இறக்கை. ஃபிங்கர் அகராதியைப் புரட்டி வௌவால் படத்தை எடுத்து, அதன் காதுகளைப் பார்க்கச் சொன்னார். காது வைத்த முகமூடி அப்படி வந்தது. இறக்கை போய், ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும் அங்கி வந்தது. சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம், கைக்கு உறை. முகமூடிக்குள் இருக்கும் ஆளுக்குப் புரூஸ் வெய்ன் என்ற பெயரும் ஃபிங்கர் வைத்ததுதான்: பாதி ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸிடமிருந்து, பாதி அமெரிக்கத் தளபதி ஆன்டனி வெய்னிடமிருந்து. பேட்மேன் வாழும் காத்தம் நகரத்தின் பெயர் டெலிபோன் டைரக்டரியில் கண்ணில் பட்ட ஒரு நகைக்கடையின் பெயர். 1939-இல் வந்த முதல் கதையை எழுதியதும் அவரே.

ஆனால் அதில் அச்சான பெயர் கேனுடையது மட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் பார்வையாளர் மையத்தின் கூரை தெரிகிறது. போவின் புகழ்பெற்ற கவிதையில் வரும் அண்டங்காக்கையை நினைத்து, விரித்த சிறகு மாதிரி கட்டியிருக்கிறார்கள். இறக்கை வேண்டாம் என்று சொன்ன மனுஷனின் பூங்காவில் இவ்வளவு பெரிய இறக்கை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபிங்கர் மெதுவாக எழுதுகிறவர், கெடு தாண்டுவார். கண்ணில் படும் விசித்திரத் தகவலையெல்லாம் நோட்டில் குறித்துவைப்பார். பேட்மேன் ராட்சத டைப்ரைட்டர் மேலே ஓடிச் சண்டை போடுவதெல்லாம் இவர் கைவண்ணம். கேனோ பேட்மேனை வெளியிட்ட காமிக்ஸ் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தன் பெயரைப் பத்திரமாகப் பூட்டிவைத்துக்கொண்டார். 1965-இல் ஒரு காமிக்ஸ் மாநாட்டில் ஃபிங்கர் தன் பங்கைச் சொன்னதும், அதெல்லாம் மிகை என்று கேன் மறுத்துக் கடிதம் எழுதினார். 1974 ஜனவரியில், மன்ஹாட்டன் அபார்ட்மென்டில் தனியாக இருந்த ஃபிங்கர் இறந்துபோனார். கல்லறைகூட இல்லை. மகன் ஃப்ரெட் ஓரிகன் கடற்கரை மணலில் அப்பாவின் சாம்பலை வௌவால் வடிவத்தில் தூவினாராம். படித்த நாளிலிருந்து இந்த ஒரு காட்சி என்னை விடவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து வந்த சுயசரிதையில் கேன் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தால் ஃபிங்கருக்கு என்ன பயன்? எழுத்தாளர் மார்க் டைலர் நோபிள்மன் தேடி அலைந்து ஃபிங்கரின் பேத்தி அதீனாவைக் கண்டுபிடித்தார். அப்புறம்தான், 2015-இல், கம்பெனி இறங்கிவந்தது. இப்போது படங்களில் வரும் வரியைத் தமிழில் சொன்னால் 'உருவாக்கியவர் பாப் கேன், உடன் பில் ஃபிங்கர்'. எழுபத்தாறு வருஷம் கழித்துக் கொடுக்கிறவர்கள் 'கேனும் ஃபிங்கரும்' என்று ரெண்டு 'உம்' போட்டிருக்கக் கூடாதா?

பலகை பூங்காவை ஒட்டியே, கிழக்கு 192-ஆவது தெரு கிராண்ட் கான்கோர்ஸில் சேரும் முனையில் இருக்கிறது. 2017 டிசம்பரில் வைத்தது. பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து, 'பில் ஃபிங்கர் வே'. அவ்வளவுதான். வௌவால் படம் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. போட்டோ எடுக்கும்போதெல்லாம் பஸ் குறுக்கே வந்தது.

முனையில் தேங்காய் ஐஸ் விற்கும் தள்ளுவண்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஸ்பானிஷ், எனக்கு ஓட்டை ஆங்கிலம். பலகையைக் காட்டி "பேட்மேன்" என்றேன். பேனா பிடிப்பது போல விரலை ஆட்டினேன். புரிந்துவிட்டது. "பேட்மேன்?" என்று தலையைத் தூக்கிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஐஸ் சுரண்டும் கரண்டியைக் கையில் எடுத்து, தேங்காயா மாம்பழமா என்று கேட்டார்.