ஹானர்ஸ் ஒப்பந்தமும் பீன்ஸ் டப்பாவும்

டெக்சாஸுக்கு எச்-4 விசாவில், அதாவது எச்-1பி-யில் வேலை செய்பவரின் துணைக்கான விசாவில் வந்த பெண்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே 'என்ன படிக்கலாம்' என்பதில் வந்து நிற்கும். பதில்களும் தயாராக இருக்கும்: டெஸ்டிங், டேட்டா அனலிட்டிக்ஸ், இல்லாவிட்டால் மெடிக்கல் கோடிங். நான் கம்யூனிட்டி காலேஜில் ஹியூமன் சர்வீசஸ் எடுத்திருக்கிறேன் என்றதும் "ஓ, ஹெச்.ஆரா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இல்லை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடில்லாதவர்கள், போதையிலிருந்து மீள்பவர்கள் போன்றோருக்கான சேவைகள் எப்படி நடக்கின்றன, அந்த வேலையில் இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தரும் படிப்பு அது.

நான் ஊரில் பி.காம். முடித்தவள். எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். எனக்குக் கணக்குப்பதிவியல் எடுத்த சாரை இத்தனை வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து, 'இவர் சமூகப் பணிக்கு ஏற்றவர்' என்று எழுதச் சொல்வது அவருக்கே சிரிப்பாக இருக்கும். இங்கே ஒன்றிரண்டு பாடம் படித்தால் கடிதமும் கிடைக்கும், இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்றும் தெரிந்துவிடும். செலவும் குறைவு. டெக்சாஸில் 12 மாதம் வசித்ததைக் காட்ட முடிந்தால் எச்-4 காரர்களும் மாநிலத்தவர் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், டிரைவிங் லைசென்ஸ் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே பட்டம் இருப்பதால் டி.எஸ்.ஐ. என்னும் தகுதி அறியும் தேர்விலிருந்தும் விலக்கு உண்டு. அதற்கு ஊர் மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, அமெரிக்கக் கணக்கில் மாற்றி வாங்கினேன். இந்தப் படலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை வருவதுதான் தாமதம், மற்றதெல்லாம் சுலபம்.

முதல் பாடம் அறிமுகம். 1601-ல் இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம், 1889-ல் ஜேன் ஆடம்ஸ் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்னும் சமூக சேவை இல்லம், 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1964-ன் உணவு முத்திரைச் சட்டம், 1996-ல் கிளிண்டன் காலத்து நலத்திட்டச் சீர்திருத்தம் என்று வரலாறு ஓடும். 1996 சட்டம் வந்த அன்று வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரீன் கார்டு வாங்கி வந்த பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இன்று ஸ்னாப் எனப்படும் உணவு உதவியை அதுதான் நிறுத்தியது; ஐந்து வருஷம் காத்திருந்தால் கிடைக்கும் என்ற விதி 2002-ல்தான் வந்தது. பிள்ளைகள் அழைத்து வந்த நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கும் இதே கதைதான்.

இந்தப் பாடத்தோடு சர்வீஸ் லேர்னிங் கட்டாயம். ஏதாவது ஒரு சேவை அமைப்பில் சில மணி நேரம் வேலை செய்துவிட்டு, அதைப் பற்றி எழுத வேண்டும். நான் காலேஜில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவள். வருஷத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம், கோயில் குளம் தூர்வாரியது எல்லாம் உண்டு. ஆனால் அங்கே நோட்டில் மணிக்கணக்கும் கையெழுத்தும் சரியாக இருந்தால் போதும்; என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே தலைகீழ். மணிக்கணக்குக்கு மதிப்பெண்ணே கிடையாது, எழுதுவதற்குத்தான். முதல் வகுப்பிலேயே ப்ரொஃபசர் ஒரு வாக்கியத்தைத் தடை செய்தார்: 'மற்றவர்களுக்கு உதவியதில் மனநிறைவு அடைந்தேன்.' அது உங்களைப் பற்றிய செய்தி, வரிசையில் நின்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். 'அதனால் என்ன' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடும்.

விசா விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்-4-ல் படிக்கத் தடையில்லை, ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை இல்லாதவர்கள் வேலை செய்யக் கூடாது. தொண்டு செய்யலாம், ஆனால் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் பணியை இலவசமாகச் செய்வது சிக்கல். எல்லாரும் தன்னார்வலர்களாகவே இருக்கும் பணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலாக வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எனக்கு அமைந்தது ஒரு ஃபுட் பேன்ட்ரி, தேவைப்படுபவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் இடம். பை கட்டிக் கையில் கொடுக்கிற முறை இல்லை. கடை மாதிரி அலமாரி. வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். வாசலில் ஒரு படிவம்: வீட்டில் எத்தனை பேர், எந்த ஜிப் கோடு, வருமானம் எவ்வளவு. சொல்வதை எழுதிக்கொள்வோம், ரசீது கேட்பதில்லை. 'ஏன் இந்த நிலைமை' என்ற கேள்வி படிவத்திலேயே கிடையாது. நமக்கு அதைத்தான் முதலில் கேட்க நாக்கு துடிக்கும்.

முதலில் தீர்ந்துபோவது அரிசியோ பருப்போ என்று நினைத்திருந்தேன். டயப்பரும் சோப்பும்தான். ஸ்னாப் அட்டையில் உணவுப் பொருள் மட்டுமே வாங்கலாம். சோப்பு, டாய்லெட் பேப்பர், டயப்பர் எதற்கும் அந்த அட்டை செல்லாது. கைக்குழந்தைக்காரர்களுக்கான விக் திட்டத்திலும் டயப்பர் இல்லை. இது தெரிந்த பிறகு நன்கொடை தர விரும்பிய நண்பர்களிடம் பாஸ்தா வேண்டாம், டயப்பர் கொண்டுவாருங்கள், நான்கு ஐந்து சைஸ் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொரு விதி ரொம்பப் படுத்தியது. அங்கே பார்த்தவரை இந்தியக் கடையில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது. அவர்கள் பேசினால் பேசலாம். பார்த்தும் பார்க்காதது போல் முருங்கைக்காயைப் புரட்டிக்கொண்டு நிற்பது, தெரிந்த முகத்தைக் கண்டால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டே பழகிய நமக்குச் சாமானியமாக வராது.

சரி, ஹானர்ஸுக்கு வருகிறேன். எங்கள் காலேஜில் இரண்டு வழி. தனியாக ஹானர்ஸ் வகுப்பு எடுக்கலாம். அல்லது சாதாரண வகுப்பிலேயே ப்ரொஃபசரோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கூடுதலாக ஒரு ஆய்வு செய்யலாம். முடித்து 'பி'-க்குக் குறையாமல் வாங்கினால், மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் ஹானர்ஸ் என்று ஏறும். இதையும் ஃபை தீட்டா கப்பாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1918-லிருந்து இருக்கும் கௌரவச் சங்கம், பெரும்பாலும் 3.5 ஜி.பி.ஏ. இருந்தால் அழைப்பு வரும், சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு ஆய்வெல்லாம் வேண்டாம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான். கேள்வி என்ன, எதைப் படிக்கப் போகிறாய், கடைசியில் என்ன கையில் தருவாய், எந்தத் தேதிக்குள். நான் கொண்டுபோன கேள்வி, வடக்கு டாலஸில் இருக்கும் இந்திய முதியவர்கள் உதவி கேட்க ஏன் தயங்குகிறார்கள் என்பது. ப்ரொஃபசர் பொறுமையாகக் கேட்டார். நல்ல கேள்வி, முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள் என்றார். அதோடு, மனிதர்களிடம் பேட்டி எடுத்து ஆய்வாக எழுதினால் ஐ.ஆர்.பி. என்னும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் போக வேண்டும். டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் மருந்தே கொடுக்காமல் பல வருஷம் வேடிக்கை பார்த்த ஆய்வு 1972-ல் அம்பலமானது. அதைத் தொடர்ந்து 1974-ல் வந்த சட்டம் இந்தக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. உதவிக்கு வந்து நிற்பவரிடம் 'பேட்டிக்குச் சம்மதமா' என்று கேட்டால், மறுத்தால் சாமான் கிடைக்காதோ என்று பயந்துகூடச் சம்மதிப்பார். அந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் பட்டது. ஆட்களை விட்டுவிட்டு அலமாரியைப் பார் என்றார் ப்ரொஃபசர்.

அலமாரியில் விஷயம் இருந்தது. குஜராத்திப் பெரியவர் ஒருவர் டப்பாவை என்னிடம் நீட்டி "பேட்டி (மகளே), வெஜ்?" என்று கேட்டிருந்தார். மசித்த பீன்ஸ் டப்பா. பீன்ஸ்தானே என்று தோன்றும். பின்னால் பொடி எழுத்தில் 'லார்ட்' என்று இருந்தது, அதாவது பன்றிக் கொழுப்பு. அதன் பிறகு ஒவ்வொரு தட்டாகப் படித்தேன். காய்கறிப் படம் போட்ட சூப்பில் மாட்டிறைச்சிச் சாறு. ராமென் நூடுல்ஸ் பாக்கெட்டில் கோழித் தூள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். அமெரிக்கச் சட்டம் பால், முட்டை, வேர்க்கடலை, எள் என்று ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடக் கட்டாயப்படுத்துகிறது. நம் ஊர் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி போன்ற எதையும் கட்டாயப்படுத்தவில்லை.

என் ஒப்பந்தப் பொருள் அப்படித்தான் பச்சைப் புள்ளியானது. தட்டின் விளிம்பில் ஒட்டும் சிறு சீட்டுகள், அவற்றுக்கு வழிகாட்டியாக இரண்டு பக்கக் குறிப்பு, அப்புறம் படித்த கட்டுரைகளோடு சேர்த்து ஓர் அறிக்கை. பேன்ட்ரியை நடத்திய அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இறைச்சி இல்லை என்பதற்கு ஒன்று போதாது, பன்றி இல்லை என்று தனியாக ஒன்று, உப்பு குறைவு என்று ஒன்று வேண்டும் என்றார். அது சரிதான். உப்பு குறைவு என்ற சீட்டைத் தேடிப் போய்ப் பொருள் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் பாட்டிகள். இந்தியர்களுக்காக ஆரம்பித்தது இந்தியர்களைவிட மற்றவர்களுக்கு அதிகம் பயன்பட்டது என்பதை அறிக்கையில் எழுதினேன். எண்ணிக்கை எதுவும் போடவில்லை. எண்ணுவதற்கு அனுமதி வாங்கவில்லையே.

செமஸ்டர் கடைசியில் ஹானர்ஸ் மாணவர்கள் போஸ்டர் வைத்து நிற்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் வேதியியல். அவன் போஸ்டரில் வரைபடம் வரைபடமாக இருந்தது. என்னுடையதில் பீன்ஸ் டப்பாப் படம். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரமே தங்கள் வீட்டு அலமாரியைப் படித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். 'ஏ' வந்தது. ப்ரொஃபசர் கடிதம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பம் பாதி நிரம்பியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கச் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்கள்தான் அவகாசம் தருவார்கள். பேன்ட்ரியில் இடம் கிடைக்கவும் அதே நேரம்தான் ஆகும். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில் சேர நினைப்பவர்கள் நவம்பரிலேயே ப்ரொஃபசருக்கு எழுதிவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கிவிட்டால் யாரும் பதில் போடமாட்டார்கள்.