டீக்கி விழாவில் ராத்திரி மேடை யாருக்கு?

சான் டியேகோவில் அக்கா வீட்டுக்குப் போனால், அத்தானின் இசைத்தட்டு அலமாரிக்கு முன்னால்தான் என் பொழுது போகும். அந்தக் கோடையில் அவர் என்னை அலமாரிப் பக்கமே விடவில்லை. நேராக டீக்கி ஓயேசிஸ் விழாவுக்குக் கூட்டிப் போனார். 2001-ல் பாம் ஸ்பிரிங்ஸில் தொடங்கி, பிறகு சான் டியேகோவுக்கு இடம் மாறிய விழா. ஓட்டல் வளாகம் முழுக்கப் பூப்போட்ட சட்டைகள், மூங்கில் தட்டிகள், டீக்கி எனப்படும் பாலினேசியத் தீவுகளின் மரச்சிலை முகங்கள். ஹாலிவுட்டில் 1933-ல் 'டான் தி பீச்கோம்பர்' மதுக்கூடம் திறந்ததிலிருந்து அமெரிக்கர்கள் கண்டுவரும் தீவுக் கனவு இது.

வண்டியிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. "ராத்திரி பெரிய மேடைய உன்கிட்ட கொடுத்தா யார ஏத்துவே மாப்ளே?" என்றார். எக்ஸாட்டிகா என்றேன், பறவைக் குரலெல்லாம் கலந்து தீவுக் கனவு காட்டும் ஐம்பதுகளின் மெல்லிசை. அவர் சர்ஃப் என்றார், கடலலைச் சறுக்கு விளையாட்டை ஒட்டிப் பிறந்த கிடார் இசை.

என் கட்சிக்கு மார்ட்டின் டென்னி ஒருவரே போதும். 1950களின் நடுவில் ஹவாயின் ஹொனலுலுவில் ஷெல் பார் என்ற இடத்தில் அவர் குழு வாசித்துவந்தது. பக்கத்தில் ஒரு குளம். வாத்தியம் ஒலித்தால் தவளைகள் கத்தும், நிறுத்தினால் அவையும் அடங்கும். குழுவினர் விளையாட்டாகப் பறவைக் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் ஒருவர் வந்து அந்தப் பறவைப் பாட்டை மறுபடி வாசிக்கச் சொன்னாராம். டென்னியே சொன்ன கதை இது. லெஸ் பாக்ஸ்டர் எழுதிய 'குவைட் வில்லேஜ்' டென்னியின் கையில் 1959-ல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலமானதும் அதே ஆண்டில்தான்.

"டென்னி நியூயார்க்காரர். பாக்ஸ்டர் டெக்சாஸ்காரர். இதுல தீவு எங்கடா இருக்கு?" என்றார் அத்தான். சரியான கேள்விதான். "சர்ஃப் மட்டும் தீவா அத்தான்? இங்கேயே, தெற்குக் கலிபோர்னியாவுல பிறந்ததுதானே?" என்றேன். அதையே அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தக் கடற்கரையில் விழா நடத்தினால் இந்தக் கரையின் இசைக்குத்தானே முதல் இடம்?

மதியம் நீச்சல் குளத்தருகே ஒரு சர்ஃப் குழு வாசித்தது. அந்த நனைந்த ஒலி ஸ்பிரிங் ரிவெர்பிலிருந்து வருவது. பெட்டிக்குள் சுருள் கம்பிகள் இருக்கும். கிடாரின் ஒலி அவற்றின் வழியாக நடுங்கிக்கொண்டே வெளியே வரும். யாரோ கால் தடுக்கிப் பெட்டியை இடித்துவிட, குளம் முழுக்க இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். அத்தான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெயிலும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் சர்ஃப் பொருந்துகிறது, மனதார ஒப்புக்கொள்கிறேன். ராக் அண்ட் ரோலும் கன்ட்ரி இசையும் கலந்த ராக்கபில்லி மட்டும் வேண்டாம். காலம் ஒன்றுதான், ஆனால் அது நெடுஞ்சாலையின் இசை.

மாலையில்தான் என் கட்சியே மாறியது. ஒரு சின்ன அறையில் முப்பது பேர் இருந்திருப்போம். ஹவாய்க்காரர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், ஸ்டீல் கிடாரை மடியில் கிடத்தி உட்கார்ந்தார். வலது விரல்களில் நகப்பூட்டுகள், இடது கையில் விரல் பருமனுக்கு ஓர் இரும்புத் துண்டு. அதைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுக் கம்பியின் மேல் வைத்து இழுத்தார். சுரம் அடுத்த சுரத்துக்குத் தாவவில்லை, வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. நம் கோட்டுவாத்தியத்தில் கமகம் நழுவுவது போலவே இருந்தது. "கல்கத்தா வழியா நம்ம பழைய சினிமாப் பாட்டுக்கெல்லாம் வந்தது இதுதான்டா" என்று காதோடு சொன்னார் அத்தான். டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி இந்த வாத்தியத்தை வாசித்தவர்.

ஹவாயின் ஒவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெகூகூ என்பவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது உருவாக்கிய வாசிப்பு முறை இது என்பார்கள். கடைசியாக அந்தப் பெரியவர் 'அலோஹா ஓய்' வாசித்தார். அதை எழுதியவர் ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி. 1893-ல் அவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அந்த மண்ணின் பெயரில் இத்தனை மூங்கிலும் மதுவும் விளக்கும் இருக்க, அந்த மண்ணின் பாட்டு முப்பது பேருக்கு மட்டும் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

"ராத்திரி மேடை இவருக்குத்தான். முதல்ல அரை மணி நேரம் இவர் மட்டும், அப்புறம் எக்ஸாட்டிகா" என்றேன். அத்தான் வெளியே வரும்வரை பேசவில்லை. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "அரை மணி நேரம் பத்தாது, ஒரு மணி நேரம் கொடு. குளத்தாங்கரை மட்டும் என்னோடது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஓரம் கிழிந்த உறைக்குள் ஸ்டீல் கிடார் இசைத்தட்டு ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு அதை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. அக்கா தூங்கிவிட்டதால் சத்தத்தைக் குறைத்து வைத்து, இரண்டு பக்கமும் கேட்டோம்.