நான்கு வரியில் அடங்காத ஜெஃபர்சன் லாங்

கலைக்களஞ்சியத்துக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு வரி அளவுதான் முதல் கட்டளை. அரசியல்வாதி என்றால், பதவியில் இருந்த காலத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவது எங்கள் பிரிவின் வழக்கம். பல ஆண்டுகள் இருந்தவருக்கு அரைப் பக்கம். வந்ததும் போனவருக்கு நான்கு வரி. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இரண்டு மாதம்கூட இல்லாத ஜெஃபர்சன் ஃபிராங்க்ளின் லாங் என் மேசைக்கு வந்தது அந்தக் கணக்கில்தான்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1836 மார்ச் 3 அன்று அடிமையாகப் பிறந்தவர். மேக்கன் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தபோது, பக்கத்துக் கடையில் செய்தித்தாளுக்கு அச்சுக் கோப்பதைப் பார்த்தே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அடிமைக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்த மாநிலம் அது. அச்செழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அதிலிருந்து ஒருவர் அகரம் பிடித்திருக்கிறார் என்றால், எழுத்தோடு பிழைக்கும் எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

விடுதலைக்குப் பிறகு மேக்கனிலேயே தையற்கடை வைத்தார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கறுப்பின மக்களை வாக்களிக்கத் திரட்டத் தொடங்கியதும் அந்த வியாபாரம் நொடித்தது.

பதவிக்காலம் குறுகியதற்கும் காரணம் உண்டு. 1870 டிசம்பர் தேர்தலில் ஜார்ஜியா இரண்டு காலத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது: நடப்புச் சபையின் எஞ்சிய சில வாரங்கள், அடுத்த சபையின் முழு இரண்டு ஆண்டுகள். குடியரசுக் கட்சி லாங்குக்குக் கொடுத்தது எஞ்சிய வாரங்களை. முழுக் காலத்தை வெள்ளை வேட்பாளர்களுக்கு வைத்துக்கொண்டது. 1871 ஜனவரி 16 அன்று பதவியேற்றார். மார்ச் 3 அன்று, தம் 35ஆவது பிறந்த நாளில், காலம் முடிந்தது.

இடையே பிப்ரவரி 1 அன்று பேச எழுந்தார். அந்தச் சபையில் பேசிய முதல் கறுப்பின உறுப்பினர் அவரே. உள்நாட்டுப் போரில் அமெரிக்க அரசை எதிர்த்த தென்மாநிலக் கூட்டமைப்பின் முன்னாள் ஆதரவாளர்கள் பதவியேற்க எடுக்க வேண்டிய உறுதிமொழியைத் தளர்த்தும் மசோதா விவாதத்தில் இருந்தது. விசுவாசமான குடிமக்கள் தேசியக் கொடியைத் தெருவில் ஏந்திச் செல்லவே அஞ்சும் நேரத்தில், கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கொடுமைகளைச் செய்தவர்களுக்கே அரசியல் உரிமையைத் திருப்பித் தருவதா என்று கேட்டார். சபை அவர் சொல்லைக் கேட்கவில்லை, மசோதா நிறைவேறியது.

பதிப்பாசிரியரிடம் போய், “அம்மா, இவருக்கு நான்கு வரி போதாது” என்றேன். “கூடுதலாக எது வேண்டுமோ எழுதிக்காட்டுங்கள், பார்க்கலாம்” என்றார். எழுதிக்காட்டினேன். உரையும் பதவிக்காலத்தின் காரணமும் நிலைத்தன. அச்சுக்கடைக்காக மன்றாட வேண்டியிருந்தது, அதுவும் நிலைத்தது. 1872இல் மேக்கன் வாக்குச்சாவடிக்கு அவர் ஊர்வலமாக மக்களை அழைத்துச் சென்றதும், அங்கே மூண்ட கலவரத்தில் உயிர்கள் போனதும் இடமின்றி வெட்டப்பட்டன. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

லாங் 1901இல் மேக்கனில் இறந்தார். ஜார்ஜியா மறுபடி ஒரு கறுப்பினத்தவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தது 1972இல்தான். அவர் ஆண்ட்ரூ யங். குறிப்பின் கடைசி வரியில் அவர் பெயரைச் சேர்க்க யாரும் மறுப்புச் சொல்லவில்லை.