இது குடிக்கிற மோர் இல்லை

போன கிழமை ஒரு பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கக்காரர் வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவருக்கு அனுப்ப எண்டு இங்கிலிஷில கடிதம் ஒண்டு எழுதி, ஒருக்கா பாத்துத் தாங்கோ எண்டு எனக்கு வாட்சப்பில போட்டவை. நல்ல கடிதம்தான், ஒரு வரியிலதான் நிண்டிட்டன். 'வி நீட் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்.' இலக்கணத்தில பிழை இல்லை. பிரச்சினை என்னெண்டா அது ரெண்டு விதமாச் சரி.

ஒண்டு, அனுபவமுள்ள ரீச்சர்மார் இருக்கினம், ஆனா காணாது, இன்னும் கொஞ்சப் பேர் வேணும். மற்றது, இப்ப இருக்கிறவைக்கு அனுபவம் காணாது, இவையைவிட அனுபவம் கூடின ஆக்கள் வேணும். சங்கம் கேக்க நினைச்சது முதலாவதை. வாசிக்கிறவர் ரெண்டாவதை எடுத்தாரெண்டா, வன்னியில பஸ்சும் ஒழுங்கா இல்லாத றோட்டால தினம் வந்து படிப்பிக்கிற அந்தச் சனத்தின்ர மூஞ்சையில அடிச்ச மாதிரிப் போகும்.

தமிழில சொல்லை இடம் மாத்தி விட்டாலே காணும். 'அனுபவமுள்ள ரீச்சர்மார் இன்னும் வேணும்' எண்டா ஒண்டு, 'இன்னும் அனுபவமுள்ள ரீச்சர்மார் வேணும்' எண்டா பெரும்பாலும் மற்றது. இங்கிலிஷில 'மோர்' முன்னுக்கு வந்து நிண்டிடும், அது பின்னால இருக்கிற பெயரைப் பிடிச்சிருக்கோ இல்லாட்டி இடையில நிக்கிற 'எக்ஸ்பீரியன்ஸ்ட்'டைப் பிடிச்சிருக்கோ எண்டு பாத்தாத் தெரியாது. 'மோர் டீச்சர்ஸ் வித் எக்ஸ்பீரியன்ஸ்' எண்டு மாத்தி அனுப்பிவிட்டன். மற்றக் கருத்து வேணுமெண்டா 'டீச்சர்ஸ் வித் மோர் எக்ஸ்பீரியன்ஸ்'.

எங்கட பெடியளுக்கு ரியூசனில 'பிக், பிகர், பிகஸ்ட்' எண்டு மூண்டு நிரல் போட்டுப் பாடமாக்க விடுறதுதான் காலங்காலமா நடக்குது, ஓ.எல் வரைக்கும் அதேதான், ஆனா இங்கிலிஷ்காரர் ஒரு நாளில பேசிற ஒப்பீட்டைக் கேட்டுப் பாத்தா, 'மோர் ரைஸ்', 'எ பெட்டர் போன்', 'லெஸ் டைம்' எண்டு பெயரோட சேந்து வாற கட்டுகளும் கனக்க வரும். அதைத் தனியா எடுத்துப் படிப்பிக்கிறது குறைவு.

இதில ஒரு வடிவான விசயம். குறையிற பக்கத்துக்கு வந்தா மேல சொன்ன குழப்பம் இல்லை. 'ஃபியூவர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' எண்டா ஆக்கள் குறைவு, 'லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' எண்டா அனுபவம் குறைவு. எண்ணக்கூடியதுக்கு ஃபியூவர், எண்ண ஏலாததுக்கு லெஸ் எண்ட சட்டம் அந்தளவில உதவி. ஆனா அது ஒண்டும் கல்லில வெட்டின சட்டமில்லை. 1770இல ரொபேட் பேக்கர் எண்டவர் தன்ர புத்தகத்தில 'நோ லெஸ் தன் எ ஹன்ட்ரட்' எண்டுறதைவிட 'ஃபியூவர்' நல்லா இருக்கிற மாதிரித் தனக்குப் படுது எண்டு எழுதினவர், அது பிறகு வாத்திமாரின்ர கையில சட்டமாப் போச்சு. அதுக்கு எத்தினையோ நூற்றாண்டு முந்தியே எண்ணுற சாமானுக்கும் லெஸ் பாவிச்சவை. இங்கிலாந்தில டெஸ்கோ கடையில '10 ஐட்டம்ஸ் ஓர் லெஸ்' எண்ட பலகைக்கு ஆக்கள் பிழை பிடிச்சுப் பிடிச்சு, 2008இல 'அப் டு 10 ஐட்டம்ஸ்' எண்டு மாத்திப்போட்டு ஆள் தப்பிட்டுது.

எங்களுக்கு இதில வாற இடக்கு காணி. ஏக்கரை எண்ணலாம்தானே, அப்ப 'ஃபியூவர் தன் ஃபைவ் ஏக்கர்ஸ்' எண்டுதானே வரோணும்? இல்லை, 'லெஸ் தன் ஃபைவ் ஏக்கர்ஸ்'. அஞ்சு ஏக்கரையும் ஒரு துண்டா, ஒரு அளவாப் பாக்கினம். இரணைமடுக் குளத்துத் தண்ணியை அடிக்கணக்கில கதைக்கிறமே, அதுக்கும் லெஸ்தான், காசுக்கும் தூரத்துக்கும் அப்பிடித்தான். நெல்லு மூட்டைக்கு மட்டும் ஃபியூவர். (இடையில ஒண்டு, அந்த 'தன்'னைத் 'தான்' எண்டுதான் எழுத நினைச்சன், பிறகு எங்கட 'தான்' எது, அவையின்ர 'தான்' எது எண்டு எனக்கே தெரியாமப் போச்சு.)

குளத்தைப் பற்றிக் கதைக்கேக்க இன்னொரு கூத்து. 'இரணைமடுவளவு பெரிய குளம்' எண்டதை 'எ அஸ் பிக் டாங்க்' எண்டு எழுதுற பிள்ளையளில பிழை சொல்லேலாது, முறைப்படி 'எ' முன்னுக்குத்தானே வரும். ஆனா சரியானது 'அஸ் பிக் எ டாங்க் அஸ் இரணைமடு', அந்த 'எ' நடுவில போய்க் குந்திக்கொண்டிருக்கும். 'டூ ஸ்மோல் எ டாங்க்', 'ஹவ் பிக் எ டாங்க்' எல்லாம் இதே சாதி. மொழியியல்காரரே இதுக்கு 'பிக் மெஸ்' எண்டு பேர் வச்சிருக்கினம், அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

எனக்குப் பிடிச்சது 'மோர் ஆஃப் எ'. எங்கட சந்தியில லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஓடுற ஒரு அண்ணை இருக்கிறார், வயலும் செய்யிறார், மாரி தொடங்கினா ஆளை வீதியில காணேலாது. 'ஹி இஸ் மோர் ஆஃப் எ ஃபார்மர் தன் எ ட்ரைவர்.' நாங்கள் எண்டா 'ட்ரைவர் எண்டுறதைவிட கமக்காரன் எண்டுதான் சொல்லோணும்' எண்டு சுத்தி வளைச்சுத்தான் வருவம்.

பிறகு, 'தன்' இல்லாமலே திரியிற ஒப்பீடுகளும் இருக்குது. மன்னார் வங்காலைப் பக்கம் மாரியில வந்து நிக்கிற பூநாரைக்கு 'கிரேட்டர் ஃபிளமிங்கோ' எண்டு பேர், ஆரைவிட கிரேட்டர் எண்டா, 'லெசர்' எண்டு சின்ன இனம் ஒண்டு வேற இடங்களில இருக்குது. ஒக்டோபர் 1ஆம் திகதி கொண்டாடுற முதியோர் தினத்தையும் பாருங்கோ. ஐ.நா 1990இல அறிவிச்ச அந்த நாளுக்கு இங்கிலிஷில 'ஓல்டர் பெர்சன்ஸ்'. அட்டவணைப்படி 'ஓல்ட்'டைவிட 'ஓல்டர்' வயசு கூடத்தானே, ஆனா 'ஆன் ஓல்டர் மான்' எண்டா 'ஆன் ஓல்ட் மான்'ஐவிட வயசு குறைஞ்சவர். மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி நிண்டு சொல்லுற மாதிரி.

கடைசியா ஒண்டு. 'மோர் பீப்பிள் ஹாவ் பீன் டு கொழும்பு தன் ஐ ஹாவ்.' வேலைசெய்யிற இடத்தில இங்கிலிஷ் நல்லாத் தெரிஞ்ச ஆக்களிட்டச் சொல்லிப் பாத்தன், எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவை, பிறகு அதின்ர கருத்து என்ன எண்டு கேக்கத்தான் முழுசினவை. கருத்தே இல்லை! ஆக்களின்ர தொகையை 'நான் போயிருக்கிறன்' எண்டதோட எப்பிடி ஒப்பிடுறது? 1984இல மரியோ மொண்டல்பெற்றி எண்டவர் அமெரிக்காவில எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில குடுத்த ஆய்வேட்டில இந்த மாதிரி வசனம் ஒண்டு வந்தது, அதுக்குப் பிறகு கனபேர் இதை ஆராய்ஞ்சிருக்கினம். இங்கிலிஷைத் தாய்மொழியாப் பேசிறவைகூட முதல் தரம் கேக்கேக்க ஏமாறினமாம். தமிழில 'என்னைவிடக் கனபேர் கொழும்புக்குப் போயிருக்கினம்' எண்டு சொல்லிப் பாருங்கோ, எங்களுக்கு 'விட' எண்டா 'தவிர' எண்டும் வரும், நானும் போனன் மற்ற ஆக்களும் போனவை எண்டு வசனம் எப்பிடியோ தப்பிடுது.