பதியாமல் விட்ட ஒரு சாவு, பதினொரு மாத அலைச்சல்

எங்கள் தெருவில் பெரியவர் முதல் குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். எனக்கு ரத்த உறவு இல்லை, பக்கத்து வீடு. தன் தம்பி வீட்டுக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். வயது 52. பிள்ளைகள் இல்லை. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்து காலம் தள்ளுகிறவர். அவருக்கு விதவை உதவித்தொகை வாங்கித் தர 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தோம். முதல் பணம் 2025 ஜூலையில் வந்தது. இடையில் நடந்ததை எழுதுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கதைதான், ஆனால் இதே சிக்கலில் மாட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஏன் இந்த உதவித்தொகை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது பெரியம்மாவும் ஆசையாக ரேஷன் கடைக்குப் போனார். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். அவர் பெயர் தம்பியின் அட்டையில் இருந்தது, அதில் தம்பி மனைவிதான் குடும்பத் தலைவி. திரும்பி வந்துவிட்டார். முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது ஆக வேண்டும். மிச்சம் இருந்த ஒரே வழி ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 2023 ஆகஸ்டிலிருந்து அது மாதம் 1,200 ரூபாயாக இருந்தது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு வேளைச் செலவாக இருக்கலாம். பெரியம்மாவுக்கு அது யார் முகத்தையும் பார்க்காமல் மாத்திரை வாங்குகிற பணம்.

2024 ஜூலையில் 'மக்களுடன் முதல்வர்' முகாம்கள் கிராமப்புறங்களுக்கு வந்தன. எங்கள் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஆகஸ்டில் ஒன்று நடந்தது. இரண்டு நாளுக்கு முன்பே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், அன்று லீவு போட்டுவிட்டு வந்து பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வருவாய்த் துறைக் கவுண்டரில்தான் கூட்டம் அதிகம். ஆதார், குடும்ப அட்டை, பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் கொடுத்தோம். உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "வீட்டுக்காரர் இறப்புச் சான்று எங்கம்மா?" என்று கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். அப்படி ஒன்று அவரிடம் இல்லை. பெரியப்பா 2014 தீபாவளிக்கு மறுநாள் விடிகாலையில் நெஞ்சு வலி வந்து வீட்டிலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே நேரமில்லை. கிராமங்களில் வீட்டுச் சாவை வி.ஏ.ஓ.விடம், அதாவது கிராம நிர்வாக அலுவலரிடம், சொல்லிப் பதிய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பத்து வருடமாக அரசாங்கத்தின் கணக்கில் அவர் சாகவே இல்லை. பெரியம்மா முன்பு இரண்டு முறை கொடுத்த மனுக்களுக்குப் பதிலே வராததற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். எது குறைகிறது என்று ஒருவராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் அவருக்கு அத்தனை வருடம் வீணாகியிருக்காது. அந்த முகாமில் கேட்ட ஒரு கேள்விக்காக அந்த அலுவலருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமே கிடையாது. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், மேலதிகாரி அனுமதி என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., உத்தரவு போட வேண்டும். அதன் பிறகுதான் பதிவு. முன்னால் ஒரு படியும் இருக்கிறது. அந்தச் சாவு எங்குமே பதியப்படவில்லை என்று தேடிப் பார்த்து எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். 'பதிவு இல்லை' என்பதற்கே ஒரு சான்றிதழ். அதை வாங்க மட்டும் செப்டம்பர் முழுவதும் போனது.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி. அவர் இன்ன தேதியில் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?

பெரியம்மாவின் நினைவு தீபாவளிக்கு மறுநாள். 2014-இல் தீபாவளி அக்டோபர் 22, அப்படியானால் 23-ஆம் தேதி. ஆனால் சாட்சிக்கு வர ஒப்புக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர், பாடை தூக்கியவர்தான், "தீபாவளி கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும் தம்பி" என்றார். கருமாதி நாளையும் சாவு நாளையும் குழப்பிக்கொண்டார். விசாரணையில் ஆளுக்கொரு தேதி சொன்னால் மனு அங்கேயே நின்றுவிடும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய விவரம் இருந்தது, ஆனால் அது சில மாதம் கழித்து நீக்கியது. சாவு தேதிக்கு அது உதவாது.

பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் கருமாதிப் பத்திரிகை. ஜய வருடம் ஐப்பசி மாதம் என்று தொடங்கி, ஆங்கிலத் தேதியோடு, இறைவனடி சேர்ந்த நாளும் காரிய நாளும் அச்சாகியிருந்தன. 23-தான். மேலே பெரியப்பாவின் போட்டோ, தலையில் துண்டு, சிரிக்காத முகம். "இதைக் குடுத்துட்டா என்கிட்ட அவர் முகம் வேற எதுலயும் இல்லப்பா" என்றார். அவர்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. பத்திரிகைக்காக யாரோ வைத்திருந்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது அது.

நான் அதைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆபீஸில் அசலை இணைக்கச் சொன்னார்கள். அசலைக் காட்டுகிறோம், சரிபார்த்துவிட்டு நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்கள். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கிற காகிதத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த அக்டோபர் 2 கிராம சபையில் இந்த விஷயத்தை நான் எழுந்து பேசினேன். இதற்கு முன் கிராம சபையில் நான் வாய் திறந்ததே இல்லை. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் முடிந்த பிறகு, நம் ஊரில் வீட்டில் இறந்து பதியாமல் விட்டவர்கள் எத்தனை பேர், பட்டியல் எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கூட்டம் முடியும்போது நான்கு வீடுகள். நான்கிலும் பெண்கள்தான் மிச்சம் இருந்தார்கள். ஒருவருக்குக் கணவர் பெயரில் இருக்கிற மனைப் பட்டாவை மாற்ற முடியவில்லை, இன்னொருவருக்கு வாரிசுச் சான்று வாங்க முடியவில்லை. எல்லா முடிச்சும் அந்த ஒரு காகிதத்தில்தான் இருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மனு விசாரணைக்காகத் தாசில்தாருக்கு வந்து, அங்கிருந்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு, அவரிடமிருந்து வி.ஏ.ஓ.வுக்கு இறங்கியது. இறங்கியது எழுந்து மேலே போக ஏழு வாரம் ஆனது. எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு முறை லீவு போட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். பெரியம்மா, "விடு தம்பி, உன் சம்பளம் போகுது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தன் உரிமையைக் கேட்கிற ஒருவர், கேட்பதற்காக வருத்தப்பட வேண்டியிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போனோம். வாசலில் மனு எழுதுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் நானே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மனுவில் பழைய மனுவின் தேதி, ஒப்புகைச் சீட்டு எண், இப்போது எந்த ஆபீஸில் எதற்காக நிற்கிறது, மூன்று மட்டும்தான். நீளமாகக் கதை எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. புது மனுவுக்கும் ஒரு எண் கிடைத்தது. அதை வைத்து முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நாளில் தலையாரி வீட்டுக்கு வந்தார், வி.ஏ.ஓ. வந்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெரியம்மாவிடமும் இரண்டு சாட்சிகளிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். பாடை தூக்கியவருக்கு முந்தின இரவே பத்திரிகையைக் காட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, அன்றைக்கு எரியூட்ட விடாமல் மழை பெய்தது உட்பட.

2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதை வைத்துப் பதிவு செய்தபோது இன்னொரு தடங்கல். சான்றில் பெரியப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பெரியம்மாவின் ஆதாரில் கணவர் பெயர் வேறு மாதிரி. அச்சாகும் முன்பே திரையில் காட்டச் சொல்லிப் படித்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். திருத்த மூன்று வாரம். உங்களுக்கு இது நேர வேண்டாம்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒவ்வொரு எழுத்தாக ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு இ-சேவை மையத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தது ஒரு மணி நேர வேலை. மறுபடியும் வி.ஏ.ஓ. விசாரணை. தம்பி வீட்டோடு இருக்கிறாரா, தனிச் சமையலா, சொத்து என்ன என்று கேட்டார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் காத்திருப்பு. ஜூனில் பசலி 1434-க்கான, அதாவது அந்த வருவாய் ஆண்டுக்கான, ஜமாபந்தி நடந்தபோது அங்கேயும் ஒரு மனு கொடுத்தோம். ஜமாபந்தி நிலக் கணக்குக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உதவித்தொகை மனுக்களும் வாங்குகிறார்கள், அதிகாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அனுமதி ஆணை வந்தது.

பணம் ஏறிய அன்று நான் திருச்சியில் இருந்தேன். பெரியம்மா பேங்க்குக்குப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறார். போனை வாங்கி, "ஆயிரத்து இருநூறு, தம்பி" என்றார். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

அந்த 2025-இலேயே 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களும் நடந்தன. ஜூலை 15-ஆம் தேதி சிதம்பரத்தில் தொடங்கி, நவம்பர் வரை ஒவ்வொரு ஊராக வரும் என்று அறிவித்திருந்தார்கள். இப்படி ஒரு முகாம் உங்கள் பக்கம் வந்தால் காகிதங்களை முதல் நாளே எடுத்து வையுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் கூடப் போங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகை எண்ணை வாங்காமல் நகராதீர்கள். உங்கள் வீட்டில் பதியாத சாவு இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் 'பதிவு இல்லை' சான்றுக்கு இன்றே எழுதிக் கொடுங்கள், அதிக நாள் பிடிப்பது அதுவும் அதற்கடுத்த விசாரணையும்தான்.

 எங்கள் ஊர்க் கிராம சபையில் சொன்ன அந்த நான்கு வீடுகளில் இரண்டுக்கு உத்தரவு வந்துவிட்டது. மூன்றாவது, தெற்குத் தெரு அக்காவுடையது, 2009-இல் நடந்த சாவு. அவரிடம் பத்திரிகையும் இல்லை, போட்டோவும் இல்லை. போன வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாக்குமூலம் வாங்கினார்கள். சாட்சிக்குப் பெரியம்மா போனார். கேட்ட தேதியைத் தடுமாறாமல் சொல்லிக் கைரேகை வைத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு எங்கே என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம்.